பின்னால் யாரும் வரவில்லை

லிண்டால் ஊரில் காட்டு வண்டி வைத்திருப்பவர்களில் ஆர்வெல் தோர்சனுக்குப் பயப்படாதவர் கிடையாது. அவர் போலீஸ் இல்லை, வனத்துறை ஆளும் இல்லை. மாவட்டச் சாலைகளை மட்டப்படுத்தும் பெரிய இயந்திரத்தைக் காலமெல்லாம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர், அவ்வளவுதான். ஆனால் மலையில் ஒரு வளைவில் அவருடைய சிவப்பு வண்டி தெரிந்துவிட்டால் போதும், காற்றாய்ப் பறந்து வந்தவன்கூட வேகத்தைக் குறைத்து, ஹெல்மெட் வாரைச் சரிபார்த்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து உட்காருவான்.

யூட்டாவின் நடுப்பகுதியில் எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒரு நாற்சக்கர வண்டியாவது உண்டு. மோட்டார் சைக்கிள் மாதிரி கால் போட்டு உட்கார வேண்டும், ஆனால் சக்கரம் நாலு, கல்லிலும் சேற்றிலும் ஏறும். மலை முழுக்க அரசாங்கக் காடு. அரசாங்கக் காடு என்றால் எல்லாருடைய காடு என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். எல்லாருடையது என்பதாலேயே அதை யாரும் தன்னுடையதாக நினைத்துப் பார்த்துக்கொள்வதில்லை என்பதுதான் ஆர்வெலின் தீராத எரிச்சல்.

அந்த எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அவரும் நெட்ராவும் கல்யாணமான புதிதில் சனிக்கிழமை தவறாமல் போய்வந்த மலைப் புல்வெளி டானிஷ் ஹாலோ. ஒரு வசந்தத்தில், பனி உருகி மண் ஊறிக் கிடந்த சமயத்தில், மான்கொம்பு பொறுக்கப் போன சிலர் புல்வெளியைக் குறுக்கும் நெடுக்குமாக உழுதுவிட்டு வந்தார்கள். ஓடைத் தண்ணீர் அந்தச் சக்கரத்தடம் வழியே இறங்கி, கோடை முடிவதற்குள் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்தது. வனத்துறை இரும்புக் கதவு போட்டுப் பூட்டியது. இன்றுவரை திறக்கவில்லை. ஆர்வெல் அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்று அழுததாக நெட்ரா சொல்வாள். அவரோ, மூக்குதான் ஒழுகியது என்பார்.

பிறகுதான் அவர் தடக்காவலர் சங்கம் ஆரம்பித்தார். பழுப்பு நிறக் குறிக்கம்பங்களைத் தோளில் சுமந்து போய் அடித்தார். திருட்டுப் பாதைகளின் வாயில் மரக்கட்டைகளை இழுத்துப் போட்டார். ஊர்க்காரர்களுக்கு விதிகளை ஓதினார். சேற்றுக்குட்டை வந்தால் நடுவே போ, சுற்றிப் போகாதே, சுற்றினால் பாதை அகலும். கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போ. இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு ஒதுங்கி வழிவிடு. கிளைப்பாதை வந்தால் முன்னால் போகிறவன் நின்று, பின்னால் வருகிறவன் முகம் தெரிந்த பிறகே நகர வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கைச்சைகை. எதிரே வண்டி வந்தால் இடது கையைத் தூக்கி, உன் பின்னால் எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை விரல் காட்ட வேண்டும். யாரும் இல்லையென்றால் முஷ்டி. முஷ்டியைப் பார்த்தவன் அடுத்த வளைவை நம்பிப் போவான். மலையில் இதைவிடப் பெரிய வாக்கு கிடையாது.

நெட்ரா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். வாய் நிறையச் சிரிப்பு, கை நிறைய உப்பு என்று அவளைக் கேலி செய்வார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. எங்கள் கிறிஸ்தவச் சபையில் ஏழு எட்டுப் பிள்ளைகள் பெற்றவர்கள் நடுவே அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் சனிக்கிழமை காலை இரண்டு வண்டிகளும் முன்னும் பின்னுமாகத் தெருவைத் தாண்டும்போது பார்த்தவர்களுக்கு அந்த வீட்டில் எதுவும் குறைவதாகத் தோன்றாது.

கிப் ஆல்ரெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் ஷெப்பர்டு புல்வெளியில் வட்டம் வட்டமாக வண்டியைச் சுற்றிக் கூத்தடித்தவன். ஆர்வெல் புதருக்குப் பின்னால் நின்று வண்டி எண்ணைப் படம் பிடித்து, அபராதம் கட்ட வைத்தார். ஊரே சிரித்தது. அதன் பிறகு கிப் சுவர்ப்பலகைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான், கல்யாணம் பண்ணினான், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனானான், சங்கத்தின் வேலைநாட்களுக்குத் தானாகவே வந்து கட்டை சுமந்தான். ஆர்வெல் அதைப் பார்க்காமல் இல்லை. ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, அவ்வளவுதான். ஊருக்கு அவன் இன்னமும் வட்டம் சுற்றிய கிப்தான்.

அன்று செப்டம்பர் கடைசி. ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியிருந்தன. முந்தின நாள் நல்ல மழை. ஆர்வெல், நெட்ரா, நெட்ராவின் தங்கை லரூ, அவள் கணவன் டெல்வின் என்று நாலு வண்டிகள் மேலே போயின. நெட்ராவுக்கு முழங்கால் அறுவை நடந்து அதிக நாள் ஆகவில்லை. வர வேண்டாம் என்று ஆர்வெல் சொன்னார். அவளா கேட்பாள்?

ஷெப்பர்டு புல்வெளியில் பாதை நடுவே பெரிய குட்டை. ஆர்வெல் நடுவே இறங்கி, சேற்றை வாரி அடித்துக்கொண்டு அக்கரை ஏறினார். திரும்பிப் பார்த்தால் நெட்ரா குட்டையைச் சுற்றிப் புல் மேல் வந்துகொண்டிருந்தாள். ஊறிய புல்வெளியில் அவள் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள் நீண்டு கிடந்தன.

"நிறுத்து! நெட்ரா, நிறுத்துன்னேன்!"

அவள் நிறுத்தினாள். "என்ன, தீப்பிடிச்சிடுச்சா?"

"பின்னால பாரு. என்ன பண்ணி வெச்சிருக்க பாரு."

"பச்சத் தண்ணி முட்டி மேல அடிக்கும் ஆர்வெல். தையல் போட்ட இடம் விண்ணுனு வலிக்குது."

"வலிச்சா வீட்ல இருந்திருக்கணும். தலைவன் பொண்டாட்டியே சுத்திப் போனா நாளைக்கு எவன் என் பேச்சக் கேப்பான்? இறங்கு. அந்தப் புல்லப் பொரட்டிப் போட்டு மிதி."

டெல்வின் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். லரூவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆர்வெல், போதும் விடுங்க. நான் மிதிக்கிறேன்."

"அவதான் பண்ணா, அவதான் மிதிக்கணும்."

நெட்ரா இறங்கினாள். நொண்டிக்கொண்டே போய், பெயர்ந்த புல்கட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டு, நல்ல காலால் மிதித்தாள். முடித்துவிட்டு வந்து கையுறையைத் தட்டினாள்.

"முப்பது வருஷத்துக்கு மேலாச்சு, இந்தப் புல்லு மேல வெக்கற எரக்கத்துல பாதி என் மேல வெச்சதில்ல மனுஷா நீ. போ. நீயும் உன் தடமும். நான் லரூகூட ரோட்டு வழியா இறங்கிக்கறேன்."

"இறங்கிக்கோ," என்றார் ஆர்வெல்.

புல்வெளியைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். வலது கை வழி அகலமான சாலை. இடது கை வழி ஷெப்பர்டு தடம், மலைச்சரிவை வெட்டிப் போட்ட குறுகல், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. ஆர்வெல் கிளையில் நிற்கவில்லை. ஊரெல்லாம் ஓதிய விதி. கோபம் வந்தால் மனிதனுக்கு எது ஞாபகம் இருக்கிறது? கழுத்தை விறைத்துக்கொண்டு இடது பக்கம் திரும்பி, ஒரு தடவைகூடத் திரும்பிப் பாராமல் இறங்கினார்.

பின்னால் நடந்ததை லரூ பிற்பாடு சொன்னாள். வலது பக்கம் கொஞ்ச தூரம் வந்ததும் நெட்ரா வண்டியை நிறுத்தினாளாம். "அய்யோ, அந்த ஆளோட சாப்பாடும் சக்கரை மாத்திரையும் என் பெட்டியிலதானே இருக்கு. நேரத்துக்குத் திங்கலன்னா கை நடுங்க ஆரம்பிச்சிடும். முரண்டு புடிச்ச மாட்டுக்கும் புல்லு போட்டுத்தானே ஆகணும்," என்று சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு இடது தடத்தில் போய்விட்டாளாம்.

தடத்தின் பாதியில் கிப் எதிரே ஏறி வந்தான். தனியாக வந்தான். ஆர்வெல் விதிப்படி சரிவோரம் ஒதுங்கி நின்று, இடது கையைத் தூக்கி முஷ்டி காட்டினார். கிப்பும் முஷ்டி காட்டினான், தலையசைத்து நன்றி சொன்னான், மேலே ஏறினான். ஆர்வெலுக்கு அவனைப் பார்த்ததில் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியதே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. பின்னால் யாரும் வரவில்லை என்றுதான் அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பொய்யில்லை. அது எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

கீழே வண்டிகள் ஏற்றி இறக்கும் மைதானத்தில் ஆர்வெல் தன் லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து பூட்ஸ் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வேட்டைக்கு வந்த வேறு சிலரும் அங்கே இருந்தார்கள். கிப்பின் வண்டி வந்து நின்றது. அவன் சட்டை இல்லாமல் இருந்தான். கை முழுக்க மண்ணும் ரத்தமும். ஒரு கையில் நெட்ராவின் நீலச் சாப்பாட்டு டப்பா.

"முஷ்டிதானே காட்டினீங்க?" என்றான். "பிரதர் தோர்சன், நீங்க முஷ்டிதானே காட்டினீங்க?"

ஆர்வெல் டப்பாவையே பார்த்தார்.

"வளைவுல அவங்க நேரா வந்தாங்க. நான் பிரேக் அடிச்சேன். அவங்க ஓரமா ஒடிச்சாங்க, மண்ணு சரிஞ்சு உள்ள போயிடுச்சு. வண்டி அவங்க மேல. நான் தூக்கினேன், பிரதர், தூக்கிட்டேன், ஆனா… மாத்திரை உள்ள இருக்கு, அவர்கிட்ட குடுத்துடுன்னாங்க. அப்புறம் ஒண்ணும் சொல்லல. நீங்க முஷ்டி காட்டினீங்களே!"

சுற்றி நின்றவர்கள் அதைக் கேட்டார்கள். ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு வந்து, அவள் புருஷனிடமே பழியைப் போடுகிறான் என்று அவர்களுக்குப் பட்டது. ஒருவர் கிப்பின் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். "வாய மூடுடா. யார்கிட்ட என்ன பேசற?"

மாவட்டப் போலீஸ் தலைவர் ஷெரீப்பின் ஆள் ராண்டல் வந்து சேர்ந்தபோது ஆர்வெல் அதே பலகையில் உட்கார்ந்திருந்தார். ராண்டலுக்கு முதன்முதலில் மலையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே ஆர்வெல் சங்கத்து ஆட்கள்தான். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தான்.

"மன்னிச்சிக்கங்க பிரதர். கேட்டே ஆகணும். அவன் ஏதோ ஒளர்றான். நீங்க ஒரு விரல் காட்டினீங்க, இல்லையா?"

ஆம் என்றால் பொய். இல்லை என்றால், கிளையில் நிற்காமல் வந்ததைச் சொல்ல வேண்டும். புல்லை மிதிக்க வைத்ததைச் சொல்ல வேண்டும். ஆர்வெலின் வாய் அவரைக் கேட்காமலே ஒரு வழி கண்டுபிடித்தது.

"நான் எப்பவும் காட்டற மாதிரிதான் காட்டினேன்."

"அதானே," என்று ராண்டல் எழுந்தான்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. லரூ அழுதுகொண்டே சொன்னாள்: "அவர் பின்னால வர்றவங்க மூஞ்சி தெரியாம ஒரு அடி நகர மாட்டார். கோவிச்சிட்டுப் போனாலும் கொஞ்சம் தள்ளி நின்னு அக்காவப் பாத்திருப்பார். எனக்குத் தெரியாதா அவரை?" டெல்வின் தலையாட்டினான். ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு பக்கம் மலையையே கட்டிக் காத்த ஆர்வெல் தோர்சன். மறுபக்கம் புல்வெளியில் வட்டம் சுற்றியவன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அடக்கத்தன்று சபைப் பெண்கள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்டு, மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் தூவிய தட்டுகளை அடுக்கி வைத்தார்கள். துருவிய கேரட் மிதக்கும் பச்சை ஜெல்லியும் இருந்தது. யார் செத்தாலும் எங்கள் ஊரில் அதுதான் சாப்பாடு. நெட்ரா எத்தனையோ சாவுகளுக்கு அதைச் செய்து கொடுத்தவள். ஆர்வெல் ஒரு கரண்டி வாயில் வைத்தார். உப்பு போதவில்லை. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது, எல்லாரும் கூடி வந்து முதுகைத் தடவினார்கள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாள் பிஷப் கீலர் வந்து ஜெபம் செய்தார். அதற்கடுத்து சங்கத்து ஆட்கள் வந்து, ஷெப்பர்டு தடத்துக்கு நெட்ரா பெயரை வைக்க மனு கொடுக்கப் போகிறோம் என்றார்கள். ஒவ்வொரு அன்பும் வாசலில் ஒரு கட்டையை இழுத்துப் போட்டுவிட்டுப் போயிற்று. நாள் ஆக ஆக, முஷ்டி காட்டியதைவிட அதைச் சொல்லாமல் இருந்தது பெரிய குற்றமாக வளர்ந்து நின்றது. தன்னைப் பற்றி அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவர் கோழையாக இருந்தார், வேறென்ன சொல்ல?

கிப் மீது வழக்குப் போட்டார்கள். அலட்சியமாக ஓட்டி உயிர் பறித்தான் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் சிறை. தொழிற்சாலையில் அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் வண்டி வீட்டு வாசலிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. யாரோ அதன் மேல் சேற்றால் ஒரு விரலை வரைந்து வைத்தார்கள்.

ஜனவரியில் ஒரு நாள் தீவனக் கடையில் ஆர்வெல் பறவைத் தானியம் வாங்கப் போயிருந்தார். மூட்டைகளுக்குப் பின்னால் நின்றவருக்குக் குரல் மட்டும் கேட்டது.

"என்னடா கிப், எண்ணத் தெரியுமா உனக்கு? இங்க பாரு, இது ஒண்ணு. ஒண்ணுக்கப்புறம் என்ன வரும் சொல்லு? என் பேரனக் கூப்புடட்டுமா, சொல்லிக் குடுப்பான்."

சிலர் சிரித்தார்கள். கிப் மாடு நக்குவதற்கான உப்புக்கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பியபோது ஆர்வெலைப் பார்த்தான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை. கேள்விதான் இருந்தது. நான் பார்த்தது நிஜந்தானே என்று அவரிடமே கேட்கிற மாதிரி இருந்தது. ஆர்வெல் தானியப் பையின் விலைச்சீட்டைப் படிக்கத் தொடங்கினார். கிப் உப்புக்கட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனான்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம் இருந்து, யார் வேண்டுமானாலும் மேடையேறிச் சாட்சி சொல்லலாம். பிப்ரவரியின் முதல் ஞாயிறன்று ஆர்வெல் எழுந்தார். அவர் அப்படி எழுந்து யாரும் பார்த்ததில்லை. மேடை வரை நடப்பதற்குள் சபை மூச்சை அடக்கிக்கொண்டது.

"நெட்ரா பின்னால வர்றது எனக்குத் தெரியாது," என்றார். "அவ மேல கோவம். முட்டி வலியோட அவள எல்லார் முன்னாடியும் புல்லு மிதிக்க வெச்சேன். கிளையில நிக்கல. திரும்பிப் பாக்கல. கிப் எதிர்ல வந்தப்ப முஷ்டிதான் காட்டினேன். அவன் சரியாத்தான் பாத்தான். ராண்டல் கேட்டப்ப மழுப்பிட்டேன். அந்தப் பையன் மேல ஒரு தப்பும் இல்ல. என் பொண்டாட்டியக் கொன்னது நான்."

அவர் எதிர்பார்த்தது என்ன என்று அவருக்கே தெரியவில்லை. யாராவது எழுந்து திட்டுவார்கள், யாராவது வெளியே போவார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் விம்மினாள். பிறகு இன்னொருத்தி. ஆண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். பிஷப் கீலர் மேடையிலேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பிரதர் தோர்சன்," என்று காதோடு சொன்னார், "மன்னிக்கறது எப்படின்னு இன்னிக்கு இந்தச் சபைக்குக் காட்டிட்டீங்க. ஆனா அவனோட பாரத்தை நீங்க தூக்க வேண்டியதில்ல."

"பாரம் என்னுதுதான் பிஷப். நான் சொன்னது உண்மை."

"தெரியும், தெரியும்," என்று பிஷப் முதுகைத் தட்டினார்.

வாசலில் லரூ காத்திருந்தாள். அவள் அழவில்லை.

"நல்லவன்னு பேர் வாங்கறதுக்கு எங்க அக்காவ வித்துட்டீங்களே. நீங்க கிளையில நிக்காம போனீங்களாம். யார்கிட்ட சொல்றீங்க? உங்களோட வருஷக்கணக்கா வண்டி ஓட்டியிருக்கேன். ஒரு முயல் பின்னால வந்தாக்கூட நின்னு பாத்துட்டுப் போற ஆளு நீங்க!"

"அன்னிக்கு நிக்கல லரூ. நீதான் பாத்தியே, நான் எப்படிப் போனேன்னு."

"கோவமாப் போனீங்க. அக்கா உயிர் போற அளவுக்கா போனீங்க? அவனக் காப்பாத்த நீங்க பொய் சொல்லுங்க, அது உங்க பாடு. ஆனா அதுக்கு நான் கண்ணீர் விட மாட்டேன்." அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவே இல்லை.

ஆர்வெல் விடவில்லை. மாவட்ட வழக்கறிஞரிடம் போனார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அன்னிக்கு எப்பவும் போல காட்டினேன்னு சொன்னீங்க. இப்ப, சபையில மன்னிப்பப் பத்திப் பேசினப்புறம், வேற சொல்றீங்க. எது கோர்ட்ல நிக்கும்னு நினைக்கறீங்க?"

"இதுதான் நிஜம் அம்மா."

"உங்க மனசு எனக்குப் புரியுது. எங்க அப்பாவும் இப்படித்தான். ஒண்ணு பண்றேன். செத்தவங்க வீட்டுக்காரரே கேட்டுக்கறதால, சிறை இல்லாத சின்னக் குற்றமாக் குறைக்கறேன். அவன் தப்ப ஒத்துக்கணும். அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காதீங்க."

"செய்யாத தப்ப அவன் ஏன் ஒத்துக்கணும்?"

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இந்தக் கிழவருக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருக்க வேண்டுமே என்கிற பார்வை ஒன்று பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, வாசல்வரை கைபிடித்துக் கூட்டிவந்து விட்டாள். ஆர்வெல் கிப்பின் வீட்டுக்கும் போனார். கதவு பூட்டியிருந்தது. வக்கீலுக்குச் சொல்லியனுப்பினார். வக்கீல், இவ்வளவு இறங்கி வந்ததே பெரிசு, ஜூரி முன்னால் போனால் ஊர் அவனைத் தின்றுவிடும் என்றான். கிப் குற்றத்தை ஒத்துக்கொண்டான். சிறை தப்பியது. காட்டுத் தடங்களில் இனி அவன் வண்டி ஓட்டக் கூடாது என்று தடை போட்டார்கள்.

மார்ச்சில் கடைசிப் பனி விழுந்த ஒரு சனிக்கிழமை காலை. ஆர்வெல் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மாவிஸும் அவள் கணவரும் தங்கள் வாசலில் அதையே செய்துகொண்டிருந்தார்கள். கிப்பின் கார் வந்து நின்றது. உள்ளே அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள், பின்னிருக்கையில் குழந்தை. கிப் இறங்கி வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன், பிரதர் தோர்சன்."

"நன்றியா? எங்கிட்டயா? நீ என்னை அடிக்கணும்டா."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நீங்க சபையில பேசலன்னா நான் இன்னிக்கு உள்ள இருந்திருப்பேன். எல்லாரும் சொன்னாங்க, எனக்காக உங்க பேரையே கெடுத்துக்கிட்டீங்கன்னு."

"நான் எதையும் கெடுத்துக்கல. இருந்ததச் சொன்னேன். முஷ்டிதான் காட்டினேன், கிப். நீ பாத்தது சரி."

கிப் பனியைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நினைச்சேன். எல்லார்கிட்டயும் கத்தினேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். இத்தனை பேருக்குத் தெரிஞ்சது எனக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போகும்? எனக்கு வெயில் எதிர்ல இருந்துச்சு. ஏறணும்னு அவசரம். நீங்க ஒரு விரல்தான் காட்டியிருக்கீங்க. இப்ப கண்ண மூடினா அந்த விரல் நல்லாத் தெரியுது."

"இல்லடா. அய்யோ, இல்லடா."

"ஒத்துக்கிட்டப்புறந்தான் இவ கொழந்தையத் தூக்கிட்டுத் திரும்பி வந்தா. ஒத்துக்கிட்டப்புறந்தான் எனக்குத் தூக்கம் வருது. பிஷப் கையப் புடிச்சுட்டு அழுதேன். பாரம் எறங்கின மாதிரி இருக்கு, பிரதர். அதைக் கெடுத்துடாதீங்க."

ஆர்வெல் கையிலிருந்த மண்வாரியைக் கீழே போட்டார். கிப்பின் இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினார். ஒருவன் செய்யாத கொலையைத் தன்னுடையதாக்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறான், அந்தத் தூக்கத்தை அவனுக்குக் கொடுத்ததும் தான்தான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"கேளு. நீ கொல்லல. நான் திரும்பிப் பாக்கல. நான் முஷ்டி காட்டினேன். நம்புடா, நீயாவது நம்புடா!"

கிப்பின் கண் நிறைந்துவிட்டது. அவர் கைகளை மெதுவாக எடுத்துவிட்டான், பெரியவர்களிடம் நடந்துகொள்ள வேண்டிய மரியாதையோடு.

"உங்க மாதிரி மனுஷன நான் பாத்ததில்ல," என்றான். காருக்குள் ஏறி, மனைவியிடம் ஏதோ சொன்னான். அவளும் கண்ணாடி வழியே ஆர்வெலைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். கார் போய்விட்டது.

"முஷ்டிதான் காட்டினேன்!" என்று ஆர்வெல் நடுத்தெருவில் நின்று கத்தினார். "கேக்குதா? முஷ்டிதான்!"

மாவிஸ் மண்வாரியை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தாள். கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரின் பக்கம் திரும்பினாள்.

"நெட்ரா குடுத்து வெச்சவ," என்றாள்.